234 பேருக்கும் ஒரே பைஜாமா கதையா? டாக்டர் சீட் கட்டுரையில் என்ன மாறியது?

பிரிட்டனில் டாக்டருக்குப் படிக்க மார்க் மட்டும் போதாது. 'ஏன் டாக்டராகணும்?' என்று ஒரு கட்டுரையும் எழுதித் தரணும். 2007-ல், அங்கே கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு இந்தக் கட்டுரைகளை சோதித்தபோது ஒரு விநோதம் சிக்கியது. எட்டு வயதில் கெமிஸ்ட்ரி செட்டை நோண்டி பைஜாமாவைப் பொசுக்கிக்கொண்ட அதே கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள்!

2026 சேர்க்கையிலிருந்து அந்த ஒரே நீளக் கட்டுரை கிடையாது. பதிலாக மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது? வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும்? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000-ஐத் தாண்டக் கூடாது.

நல்ல மாற்றம்தான். பழைய முறையில், எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித்தர ஆள் இருந்தவருக்கே பாதி வெற்றி. இனி என்ன கேட்கிறார்கள் என்பதாவது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சிக்கல் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. அப்பா சர்ஜன் என்றால் ஆபரேஷன் தியேட்டரில் இரண்டு நாள் நிற்க இடம் கிடைத்துவிடும். சனி, ஞாயிறு கடையில் பில் போடும் பிள்ளைக்கு? 'எழுத என்ன இருக்கு' என்று தோன்றும். உண்மையில் நிறைய இருக்கிறது. ஆஸ்பத்திரி அனுபவம் கட்டாயமில்லை. முதியோர் இல்லத்தில் உதவுவது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது, பகுதிநேர வேலை எல்லாமே கணக்கில் வரும் என்றுதான் அந்நாட்டு மருத்துவப் பள்ளிகளின் கவுன்சிலே சொல்கிறது. பலரும் கோட்டைவிடுவது 'ஏன் பயன்படும்?' என்ற பின்பாதியில். தியேட்டரில் நின்றேன் என்பது வெறும் தகவல். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்ட பாட்டியிடம் அடுத்து என்ன பேசினீர்கள், எங்கே பொறுமை போனது என்று எழுதினால்தான் ஒரு வருங்கால டாக்டர் தெரிவார். அதைப் பட்டணத்து கோச்சிங் சென்டர் எழுதித் தர முடியாது. (ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டினால் அது ஏமாற்று வேலையாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் எச்சரிக்கிறது.)

இன்னொன்று. சில கல்லூரிகள் இந்தக் கட்டுரைக்கு மதிப்பெண்ணே போடுவதில்லை. யூகேட் தேர்வும் நேர்காணலும்தான் தீர்மானிக்கும். அப்படியென்றால் இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். நேர்காணலில் எதிரே இருப்பவர், "அந்தப் பாட்டி அப்புறம் சாப்பிட்டாரா?" என்று கேட்டால் பதில் சொல்லணுமே!

கடைசித் தேதி அக்டோபர் 15. மருத்துவத்துக்கு அதிகபட்சம் நான்கு கல்லூரிகள். நான்குக்கும் போவது இதே பதில்கள்தான். அதனால் ஒரு கல்லூரியை மட்டும் பெயர் சொல்லிப் புகழ்ந்துவிடாதீர்கள்.