பாரிஸ் கணக்கில் எழுதப்பட்ட மெட்ராஸ் ஓவியர்கள்

வெளிநாட்டில் குடியேறிய ஓவியர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் எஸ்.எச். ரஸா. மத்தியப் பிரதேசத்தில் பிறந்து 1950இல் பாரிஸ் சென்றவர், நிலக்காட்சி ஓவியராகப் போய் அரூப ஓவியராக ஆனவர், 2010 முடிவில் டெல்லி திரும்பினார். 2023இல் அவருடைய ஓவியம் ஒன்று மும்பை ஏலத்தில் 51.75 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தக் கதையையே அளவுகோலாக வைத்து மற்ற எல்லாரையும் அளந்துவிடுகிறோம். விளைவு, வி. விஸ்வநாதனை சென்னை மறந்தது. கொல்லத்தில் 1940இல் பிறந்து, பெரியமேட்டில் உள்ள ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர் அவர். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1968இல் பாரிஸ் போய் அங்கேயே தங்கிவிட்டார். மயிலாப்பூரிலோ தி.நகரிலோ இந்தப் பெயரைச் சொன்னால், ‘எந்த விஸ்வநாதன், இசையமைப்பாளரா?’ என்று யாராவது கேட்டால் வியப்பதற்கில்லை.

ரஸாவின் கதை இவருக்குப் பொருந்தாது. இவர் கிளம்பும்போதே அரூபத்துக்கான வழி இங்கே போடப்பட்டிருந்தது. 1960களில் பணிக்கர் ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், எழுத்து போலத் தோன்றினாலும் படிக்க முடியாத கிறுக்கல்கள் ஆகியவற்றைக் கொண்டு திரையை நிரப்பினார். அந்த வகுப்பறையிலிருந்து போனவர் விஸ்வநாதன். அதற்கு ஓராண்டு முன்பு, 1967இல், பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் பாரிஸ் போன அக்கித்தம் நாராயணனும் அங்கிருந்தே போனவர். இருவருடைய திரைகளிலும் முக்கோணமும் சதுரமும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான மூலத்தைத் தேட பாரிஸ் வரை போக வேண்டியதில்லை, வழிபாட்டு யந்திரங்களிலும், தரையில் வரையும் கேரளத்துக் களங்களிலுமே அது கிடைக்கும். விஸ்வநாதனிடம் சடங்குச் சின்னங்கள் மெல்ல உதிர்ந்து வெறும் வடிவங்கள் மிஞ்சியதில் பாரிஸுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கு போய்ச் சில ஆண்டுகளில் இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம் செய்து, ஊர் ஊராக மணல் சேகரித்து, அதைப் படமாகவும் எடுத்தவரை ‘பாரிஸ் ஓவியர்’ என்று சொல்லிவிட்டு நகர முடியாது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒருவர் அடையாற்றிலேயே இருந்தார். 1940களின் பிற்பகுதியில் கலாக்ஷேத்ராவின் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்த கிருஷ்ண ரெட்டி, லண்டன் போய், பிறகு பாரிஸில் ஹெய்டரின் அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே உருவான முறைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒரே உலோகத் தகட்டில் பல ஆழங்களில் செதுக்கி, எண்ணெய் கூடியதும் குறைந்ததுமான மைகளைக் கடின உருளையாலும் மென் உருளையாலும் ஏற்றுவார்கள். மைகள் ஒன்றையொன்று விலக்கித் தத்தம் இடத்தில் நிற்பதால், ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்கள் தாளில் இறங்கும். அன்றைய அடையாற்றில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்க முடியாது. ஆகவே வெளியூர் எதையும் தரவில்லை என்பது என் கட்சி அல்ல. பட்டறையும் வாங்குபவரும் காட்சிக்கூடமும் அங்கே இருந்தன. இங்கே இருந்ததெல்லாம் பாத்திக். பணிக்கரின் மாணவர்கள் துணியில் உருக்கிய மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, விற்றுச் சேர்த்த காசில்தான் சோழமண்டலத்து நிலமே வாங்கப்பட்டது. ஓவியர்கள் இங்கேயே பிழைக்க வேண்டும் என்று அமைத்த அந்தக் கிராமத்திலிருந்து இரண்டே ஆண்டில் விஸ்வநாதன் கிளம்ப வேண்டியிருந்தது என்றால், குறை அவரிடம் இல்லை.

இவர்கள் மலையாளிகள், ரெட்டி ஆந்திரர், சென்னை எதற்கு உரிமை கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் உட்கார்ந்து தியாகராஜரின் தெலுங்குக்குத் தலையாட்டும் ஊர் கேட்கக்கூடிய கேள்வியா இது? அரூப ஓவியம் பாமரருக்குப் புரியாது என்பதற்கும் பதில் அதே அரங்கில் இருக்கிறது. அரை மணி நேரத் தோடி ஆலாபனையில் சொல்லே கிடையாது, அதற்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. காரணம், சிறுவயதிலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ஓவியத்தைப் பார்த்துப் பழக இங்கே இடம் எங்கே?

இங்கேயே இருந்து உழைத்த ஓவியர்கள் ஆதிமூலத்துக்கும் சந்தானராஜுக்கும் முதலில் இடம் கொடுங்கள் என்போர் சொல்வது நியாயம். ஆனால் இதில் முதல், இரண்டாவது என்று பிரிக்க ஒன்றுமில்லை. எல்லாரும் ஒரே பள்ளியின் பிள்ளைகள், ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிப் பார்த்தால்தான் யார் எதை எங்கிருந்து எடுத்துப்போனார் என்பதே விளங்கும். தேசிய நவீனக் கலைக்கூடம் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது, 2009இல் பெங்களூருக்கும் வந்தது. 1850இலேயே ஓவியப் பள்ளி தொடங்கிய சென்னைக்கு அது இல்லை. சோழமண்டலத்தில் ஓர் அருங்காட்சியகம் உண்டு, அது ஓவியர்கள் தாங்களே கட்டிக்கொண்டது. அடையாற்றிலும் ஆழ்வார்ப்பேட்டையிலும் உள்ள தனியார் கூடங்களில் படம் சில நாள் இருக்கும், பிறகு யாராவது வாங்கிப் போய்விடுவார்கள்.

செலவு அதிகம் என்பார்கள். எல்லாப் படத்தையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் படங்களைக் கடனாகவும் தருகின்றன. ஆனால் ஈரப்பதக் கட்டுப்பாடு, காப்பீடு, பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஆகியவை இல்லாத இடத்துக்கு, அதுவும் உப்புக்காற்று வீசும் கடலோர நகரத்துக்கு, யாரும் அனுப்ப மாட்டார்கள். விஸ்வநாதனின் படங்களைக் கேட்டுக் கடிதம் எழுதவாவது சென்னையில் அப்படி ஒரு முகவரி வேண்டும்.