பாலையின் நீர்க்கணக்கு

எகிப்து தேசத்தின் படத்தை விரித்து நோக்குவார்க்கு ஓர் உண்மை உடனே புலனாகும். மஞ்சள் நிறப் பரப்பின் நடுவே ஒரு பச்சைக் கோடு. அக்கோட்டின் வடமுனையில் விசிறி விரித்தாற்போன்ற கழிமுகம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்களிற் பெரும்பாலோர், நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவான அவ்விடத்திலேயே நெருங்கி வாழ்கின்றனர். எஞ்சிய மணற்பரப்பைக் கழனியாக்க வேண்டுமென்ற ஆசை அங்கு ஆண்டோர் உள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை. அவ்வாசையை நாம் பழிக்கவில்லை. அது கைகூடுமா என்பதை அளந்தறிவது எங்ஙனம் என்பதே இவ்வாரம் எமது கேள்வி.

1997 ஜனவரியில் ஜனாதிபதி முபாரக் தோஷ்காத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அஸ்வான் உயர் அணையினால் உண்டான நாசர் ஏரியிலிருந்து நீரை இறைத்து, கால்வாய் வழியே மேற்குப் பாலைக்குக் கொண்டு சென்று, ஐந்தரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விளைநிலமாக்குவது நோக்கம். 2005 இல் மாபெரும் இறைப்பு நிலையம் நிறைவெய்தியது. ஏரியின் மட்டம் தாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய 50 மீற்றர் உயரத்துக்கு நீரைத் தூக்கவல்ல பொறிகள் அங்கே உள்ளன. பொறியியலார் திறனில் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் 2011 இல் முபாரக் பதவி துறந்தபோது, பயிர் கண்ட நிலம் குறித்த அளவில் பத்திலொரு பங்குதானும் இல்லை.

பணமுடை, முதலிடுவோர் தயக்கம், கொடிய வெப்பம் எனக் காரணம் பல கூறுவர். அவை மெய்யே. எமக்கோ நீர்க்கணக்கே பெரிதாகப் படுகிறது. இல்லத்தரசி ஒருத்தி மாத வருவாயைக் கணக்கிடுவது போல அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1959 இல் எகிப்தும் சூடானும் செய்த உடன்படிக்கையின்படி நைல் நதியின் சராசரி ஆண்டு வரவு 8,400 கோடி கன மீற்றர். ஏரியில் ஆவியாகியும் பிறவாறும் கழிவதென 1,000 கோடியைத் தள்ளினர். எஞ்சியதில் சூடானுக்கு 1,850 கோடி. எகிப்துக்கு 5,550 கோடி. அப்பங்கு முழுவதும் பழைய கழனிகளுக்கும் வீடுகளுக்கும் ஆலைகளுக்குமே செலவாகிவிடுகிறது. தோஷ்கா வேண்டுவதோ ஆண்டுக்கு ஏறக்குறைய 500 கோடி. கழிமுகத்தில் நெற்பயிரைக் குறைத்தும், வயல் வடிநீரை மீளப் பாய்ச்சியும் மிச்சம் பிடிப்போம் என்றனர். மூத்தவன் தட்டிலிருந்து எடுத்து இளையவனுக்குப் படைப்பதை நாம் புதிய சோறு என்போமா? மேலும், மீள மீளப் பாயும் வடிநீர் ஒவ்வொரு முறையும் உப்பைச் சுமந்தே வரும்.

இடையில் ஒரு மயக்கமும் நேர்ந்தது. 1990களின் இறுதியில் பெருவெள்ளம் வந்து நாசர் ஏரி நிறையவே, மிகுநீர் தோஷ்காப் பள்ளங்களிற் பாய்ந்து புதிய ஏரிகள் தோன்றின. பின்னர் அவை பெரும்பாலும் வற்றிப்போயின. 2019 ஐ அடுத்த ஆண்டுகளின் வெள்ளங்களால் மீண்டும் பெருகின. திருவிழாக் கால வரும்படியை நம்பி மாத வாடகைக்கு ஒப்புக்கொள்வார் உண்டோ?

நிலத்தடி நீரை எடுக்கலாகாதோ எனின், அதற்கும் எகிப்திலேயே சான்றுண்டு. நாசர் காலத்துப் புதிய பள்ளத்தாக்குத் திட்டத்தில் கார்கா, தாக்லா ஆகிய பாலைவனச் சோலைகளில் ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. முதலில் தாமே பொங்கி வழிந்த கிணறுகள் பல, நாளடைவில் அழுத்தம் குன்றி, பொறிகொண்டு இறைக்க வேண்டியனவாயின. அந்நீர், அப்பகுதியில் மழை மிகுந்திருந்த பழங்காலத்தில் மணற்கற் பாறையுள் தங்கியது. இன்று அதனை மீள நிரப்பும் மழை அங்கே இல்லை. முதலை எடுத்து உண்பதற்கும் வட்டியில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

2014 இற்குப் பின் அரசு தோஷ்காவை மீண்டும் கையிலெடுத்தது. கோதுமையும் பேரீச்சையும் அங்கே விளைகின்றன. கோதுமையைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது சிறிய காரியமன்று. இந்நிலையில் 2025 செப்டெம்பரில் எதியோப்பியா, நீல நைலின் குறுக்கே கட்டிய பேரணையைத் திறந்துவைத்தது. எகிப்துக்கு வரும் நீரிற் பெரும்பகுதி பிறப்பது அந்நாட்டு மலைகளில். 1959 உடன்படிக்கையிலோ அதற்குப் பங்கும் இல்லை, அதன் கையொப்பமும் இல்லை. மழை பொய்க்கும் ஆண்டுகளில் தோஷ்காக் கால்வாய்க்கு எவ்வளவு நீர் என்பது இனி அடிஸ் அபாபாவோடும் பேசித் தீர்க்கவேண்டிய விடயம்.