பூஜ்யம் போட்ட படம்

சென்ற இதழில் பட்டுப் புடவைகளை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மடிப்பு மாற்றி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா என்று நானும் என் பீரோவைக் காலி செய்து உட்கார்ந்தேன். புடவைகளுக்கு அடியில் இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் வந்தது. அதைக் கையில் எடுத்ததும் புடவை வேலை அப்படியே நின்றுபோயிற்று. அந்த டின்னில் இருக்கும் சமாச்சாரத்தைத்தான் இந்தத் தடவை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அடுப்பங்கரை விஷயம் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது நிச்சயம் உபயோகப்படும்.

2002-ல் நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில் எடிசன் என்ற ஊரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. தலைப் பிரசவத்துக்கு நான் ஊருக்கு வர முடியாததால், கும்பகோணத்திலிருந்து என் அம்மா புறப்பட்டு வந்தாள். அதுவரை மாயவரம் தாண்டிப் போகாத அம்மா, பிளேனேறித் தன்னந்தனியாக வந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். பை நிறைய பிரசவ மருந்துச் சாமானும், குழந்தைக்குப் பழந்துணியும் கொண்டு வந்திருந்தாள்.

குழந்தை பிறக்கப் போகிறதே, படம் எடுக்க வேண்டாமா என்று அவர் ஒரு காமிரா வாங்கி வந்தார். கோடாக் அட்வான்டிக்ஸ் ப்ரீவ்யூ என்று பெயர். அதன் விசேஷம் என்னவென்றால், அது பிலிம் போட்டு எடுக்கிற காமிராதான். ஆனால் முதுகுப்புறத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கலர்த் திரை உண்டு. படம் எடுத்ததும் அது எப்படி வந்திருக்கும் என்று அந்தத் திரையில் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குச் செல்போனில் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் அன்றைக்கு, பிலிமைக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்து கவரைப் பிரிக்கிற வரையில் படத்தின் தலையெழுத்து தெரியாமல் இருந்த எங்களுக்கு அது பெரிய அதிசயம்.

அதன் குறிப்புப் புத்தகத்தை என் ப்ளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரிந்தவரையில் சொல்கிறேன். அதில் போடுகிற பிலிம் நம் ஊரில் புழங்கிய 35 மில்லிமீட்டர் பிலிம் இல்லை. 1996-ல் கோடாக், பியூஜி, கேனன், நிக்கான், மினோல்ட்டா ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த ஏ.பி.எஸ். என்ற புதிய ரகம். அகலம் 24 மில்லிமீட்டர்தான். 15, 25, 40 படங்கள் என்று மூன்று அளவில் கிடைக்கும். பிலிமின் நாக்கை இழுத்துப் பல்லில் மாட்டுகிற அவஸ்தை கிடையாது. டப்பாவை அப்படியே காமிராவின் அறையில் போட்டு மூடினால் அதுவே இழுத்துக்கொள்ளும். கழுவிய பிறகும் பிலிம் அதே டப்பாவுக்குள் சுருண்டு நம்மிடம் திரும்பி வரும். நெகட்டிவை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை. அதற்குப் பதிலாக எல்லாப் படங்களையும் சின்னச் சின்னதாக, நம்பர் போட்டு ஒரே அட்டையில் அச்சடித்துத் தருவார்கள். இண்டெக்ஸ் பிரிண்டு என்று பெயர்.

திரை விஷயத்துக்கு வருகிறேன். கழுவாத பிலிமை யாராலும் பார்க்க முடியாதே, பிறகு எப்படித் திரையில் காட்டும் என்று எனக்குச் சந்தேகம். திரையில் தெரிவது பிலிமில் விழுந்த படமே இல்லை. நாம் பொத்தானை அழுத்தும்போது, பிலிமோடு சேர்த்து இன்னொரு மின்சாரக் கண்ணும் அதே காட்சியைப் பிடித்துக் கொள்கிறது. அதைத்தான் திரை காட்டும், அதுவும் கடைசியாக எடுத்த படத்தை மட்டும். பார்த்துவிட்டு இந்தப் படத்துக்கு எத்தனை பிரிண்டு வேண்டும் என்று அங்கேயே எண் போட்டுவிடலாம். நன்றாக இருந்தால் இரண்டு, மூன்று. நன்றாக இல்லையென்றால் பூஜ்யம். அந்த எண்ணைப் பிலிமின் மேலுள்ள காந்தப் பூச்சில் காமிரா குறித்து வைத்துவிடும். பிலிம் கழுவும் இடத்தில் உள்ள மிஷின் அதைப் படித்து அத்தனை பிரிண்டு போடும்.

சிக்கனமான ஏற்பாடுதான். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. டாலரில் எதைச் சொன்னாலும் உடனே 48-ஆல் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவள் அவள். "பாழாப் போற படத்துக்குக் காசு அழ வேண்டாம் பாரு!" என்று காமிராவை மெச்சிக்கொண்டாள்.

மார்ச் மாதம் என் பெண் பிறந்தாள். அம்மா ஆறு மாதம் இருந்தாள். அந்த ஆறு மாதத்தில் நாங்கள் ஏழு டப்பா பிலிம் எடுத்தோம். குழந்தையைத்தான் எடுப்போம், கூடவே அம்மாவும் விழுவாள். அவர் எடுக்கும்போது, "அத்தை, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றால், மாப்பிள்ளை முன்னால் நிற்பதே கூச்சம் என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். எடுத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "காட்டு, எப்படி இருக்கு?" என்பாள். பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான்.

"ஐயே, மூஞ்சியில எண்ணெய் வடியுது. வேணாம்னு போடு."

"கண்ணு பாதி மூடியிருக்கு பாரு. இதுக்கு ஒரு டாலரா? வேணாம்னு போடு."

நானும் பூஜ்யம் போட்டுவிடுவேன். அதில் வருத்தப்பட ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. அம்மாதான் பக்கத்திலேயே இருக்கிறாளே, நாளைக்கு நன்றாகத் தலை வாரிக்கொண்டு உட்காரும்போது எடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் யார் தலை வாரிக்கொண்டு உட்கார நேரம் இருக்கிறது? அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது எடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அங்கே ஏது முற்றம், ஏது மணை? குளியல் தொட்டிக்குள்ளேயே அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, காலில் குழந்தையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். (காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவும் மறு பேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். நீங்களும் விடாதீர்கள்.) நான் வாசலில் நின்று 'க்ளிக்' செய்தேன். திரையைப் பார்த்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "காலு தெரிய உட்கார்ந்திருக்கேன், இதைப் போயி எடுக்கிறியே! நாலு பேரு பார்க்கிற ஆல்பத்துல இது வரலாமா?" என்றாள். பூஜ்யம்தான்.

அம்மா ஊருக்குத் திரும்பினாள். 2004-ல் நாங்களும் திரும்பி வந்தோம். இங்கே நான் ஏறி இறங்கிய ஸ்டூடியோக்களில் அந்தப் பிலிம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மிஷின்ல போகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஜனவரியிலேயே ஏ.பி.எஸ். காமிரா தயாரிப்பை நிறுத்தப்போவதாக கோடாக் அறிவித்திருந்தது. 2011-ல் அந்த ரகப் பிலிமும் நின்றுவிட்டது. எங்கள் காமிரா பரணுக்கும், கழுவி வந்த ஏழு டப்பாக்களும் அட்டைகளும் பிஸ்கட் டின்னுக்கும் போயின.

2019-ல் அம்மா தவறிப் போனாள். படத்துக்கு மாலை போட வேண்டும் என்று தம்பி கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அம்மாவின் படம் என்று சொல்ல எங்களிடம் எதுவுமே இல்லை. அமெரிக்கா ஆல்பத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் என் பெண் இருக்கிறாள். அவளைத் தாங்கிக்கொண்டு கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் இருக்கின்றன. முகம் இல்லை. முகம் தெரிந்த படமெல்லாம் பூஜ்யம். கடைசியில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது போல மிரண்டு பார்க்கிற முகம். அது எங்கள் அம்மாவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அந்த இண்டெக்ஸ் அட்டைகளை நான் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. மளிகைக் கடைச் சீட்டு மாதிரி அது ஏதோ கணக்குச் சீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு படமும் தபால் தலை அளவுகூட இல்லை. நாலாவது அட்டையில், 17-ஆம் நம்பர் கட்டத்தில், வெள்ளைத் தொட்டி. உள்ளே கால் நீட்டிய ஒரு உருவம். காலில் ஒரு சின்னப் புள்ளி மாதிரி குழந்தை.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பூஜ்யம் போட்டால் படம் அழிந்துவிடும் என்றுதான் பதினேழு வருஷமாக நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது எப்படி அழியும்? பொத்தானை அழுத்தியபோதே பிலிமில் வெளிச்சம் விழுந்தாயிற்று. விழுந்ததைத் திருப்பி எடுக்க எந்தக் காமிராவாலும் முடியாது. நான் போட்ட பூஜ்யம் 'காகிதத்தில் அச்சடிக்காதே' என்ற உத்தரவு மட்டும்தான். நெகட்டிவ் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

ஆனால் அதை வெளியே எடுப்பது லேசாக இல்லை. பழைய நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர்கள்கூட 35 மில்லிமீட்டர் பிலிமுக்குத்தான் சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு கடையில் திருப்புளியால் டப்பாவை நெம்பப் போனார் ஒரு பையன். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏழெட்டு இடம் விசாரித்த பிறகு இந்தச் சிறிய பிலிமுக்கும் வசதி வைத்திருந்த ஒருவர் கிடைத்தார். பதமாகப் பிலிமை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தார். சில படங்களில் பூஞ்சணம் புள்ளி வைத்திருந்தது. கலர் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. ஆனால் பத்தொன்பது படங்களில் அம்மா இருந்தாள்! தூங்கி வழிந்துகொண்டு, தாலாட்டிக்கொண்டு, வாயைக் குவித்துக் குழந்தையோடு பேசிக்கொண்டு, எண்ணெய் வடிகிற முகத்தோடு.

தொட்டிப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் போன் செய்தான். "அக்கா, என்னையும் இப்படித்தானே குளிப்பாட்டியிருக்கும்?" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. பாஸ்போர்ட் படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டலாமா என்று ஒரு யோசனை. அம்மா 'வேண்டாம்' என்று சொன்ன படமாயிற்றே! கூடத்தில் மாட்டாமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிற இன்னொரு படத்தை மாட்டினோம். தொட்டிப் படம் என் பீரோ கதவின் உள்பக்கம் இருக்கிறது. நாலு பேர் பார்வைக்கு இல்லை, எனக்கு மட்டும்.

என் அனுபவத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் வீட்டிலும் இப்படிப்பட்ட சின்னப் பிலிம் டப்பா கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதன் ஒரு முனையில் நாலு குறிகள் இருக்கும். எந்தக் குறி வெள்ளையாகத் தெரிகிறதோ அதுதான் அதன் நிலை. முழு வட்டம் என்றால் பிலிம் புதிது. அரை வட்டம் என்றால் பாதி எடுத்தது. பெருக்கல் குறி என்றால் எடுத்து முடித்து, கழுவாதது. நீள்சதுரம் என்றால் கழுவியது. பெருக்கல் குறி உள்ளதை எக்காரணம் கொண்டும் வெளிச்சத்தில் திறக்கக் கூடாது.

சாதாரண நெகட்டிவ் சுருள்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். கல்யாண ஆல்பத்தின் உறையிலேயே செருகியிருப்பார்கள். ஒரு மத்தியானம் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பிரிண்டு போடாமல் விட்ட படம் எத்தனையோ இருக்கும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நடுவில் விரல் படக்கூடாது.

ஈரமும் சூடும் பிலிமுக்கு எமன். பரணும் சமையலறை அலமாரியும் ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். புடவைக்குப் போடுகிற பாச்சை உருண்டையை இதன் பக்கத்தில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இப்போதைய செல்போனில் வேண்டாத படத்தைத் துடைத்துவிட்டால் அதற்கு நெகட்டிவ் கிடையாது. போனின் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீங்கிவிட்டால் போனது போனதுதான். உங்கள் அம்மாவோ மாமியாரோ திரையை எட்டிப் பார்த்து, "நல்லா இல்ல, அழிச்சுடு" என்றால், "சரிம்மா" என்று தலையாட்டுங்கள். தலையாட்டிவிட்டு, அழிக்காமல் வையுங்கள். பொய் சொன்ன பாவம் உங்களைச் சேராது.

அடுத்த இதழில், நின்றுபோன பட்டுப் புடவை வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.