செந்துரு தின்னும், கருந்துரு காக்கும்

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட, சுமார் 800 பயணிகள் நடுத்தண்ணீரில் சிக்கிக்கொண்டார்கள். அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியிருந்தது.

இப்படியொரு வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் தேடுவது பத்திரம், துணிமணி, நெல் மூட்டை. இரும்புச் சாமான்களின் நினைவு கடைசியில்தான் வரும். "இரும்புதானே, அதுக்கு என்ன ஆகப்போகுது" என்ற எண்ணம். ஆனால் நனைந்த இரும்பு நமக்காகக் காத்திருப்பதில்லை. சேறு படிந்த தோசைக்கல், அரிவாள்மனை, தையல் மெஷின், மண்வெட்டி, பனையேறியின் பாளை அரிவாள், சில வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு வரும் வேட்டைத் துப்பாக்கி என எல்லாவற்றிலும் ஒரே இரவில் செம்மண் நிறம் ஏறிவிடும்.

வெள்ளம் வராத வருஷத்திலும் இந்தப் பக்கத்து இரும்புக்கு நிம்மதி கிடையாது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களுடையது. உப்பை விளைவிக்கும் அதே கடற்காற்று இரும்பையும் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

துருவில் இரண்டு வகை

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள் வேண்டும்: தண்ணீர், ஆக்ஸிஜன். ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்பு அந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். கைவியர்வையிலும் உப்பு உண்டு. பளபளப்பான இரும்பில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிவது இதனால்தான்.

நமக்குப் பழக்கமான சிவப்புத் துரு, உதிரும் இனம். அது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; அதனால் பொருக்குப் பொருக்காக உப்பி எழும். எழுந்த பொருக்குக்கு அடியில் ஈரம் போய் உட்காரும். மறுபடி துரு, மறுபடி பொருக்கு. கடைசியில் இரும்பு மிஞ்சாது.

இன்னொன்று கறுப்புத் துரு. வேதியியலில் இதன் பெயர் மேக்னடைட். இதுவும் இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்ததுதான். ஆனால் இது மெல்லியதாக, நெருக்கமாக, இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு கீழே இருக்கும் இரும்புக்கு ஒரு போர்வையாக இருக்கும்.

துருவைப் போக்கும் கலை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. சிவப்பை எடுக்க வேண்டும். கறுப்பைத் தொடக் கூடாது. வீட்டில் நடப்பதோ நேர்மாறு. உப்புத்தாளை எடுத்து இரண்டையும் சேர்த்துத் தேய்த்து, வெள்ளிபோல் ஆக்கிவிட்டு, "இப்பதான் புதுசாச்சு" என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அந்த இரும்பின் சட்டையைக் கழற்றி மழையில் நிறுத்தியிருக்கிறோம்.

துப்பாக்கியின் நீலம்

இது நன்றாகத் தெரிவது பழைய வேட்டைத் துப்பாக்கியில்தான். அதன் குழல் கருநீலமாக மின்னுவதைப் பலரும் பெயின்ட் என்று நினைப்பார்கள். அது பெயின்ட் அல்ல. வேண்டுமென்றே வரவழைத்த துரு. பழைய கம்மியர்கள் குழலில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, ஒரு மருந்தைப் பூசி, ஈரமான இடத்தில் வைத்துச் சிவப்புத் துரு ஏறவிடுவார்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். சிவப்பு கறுப்பாக மாறும். தளர்ந்திருப்பதை மெல்லிய கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, மறுபடி துரு ஏற்றி, மறுபடி கொதிக்க வைப்பார்கள். பல முறை இப்படிச் செய்து கடைசியில் எண்ணெய் தடவினால் அந்த ஆழமான நிறம் கிடைக்கும். இன்றைய தொழிற்சாலைகள் சூடான காரக் கரைசலில் முக்கி அதே வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுகின்றன.

இந்தப் படலம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கும் அமிலத் துருநீக்கி எதைப் பூசினாலும் சிவப்போடு சேர்ந்து நீலமும் கரைந்துவிடும். இரண்டும் ஒரே இனம் என்பதால் அமிலத்துக்கு வேற்றுமை தெரியாது.

சரியான வழி பொறுமையானது. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். துருப்பிடித்த இடத்தில் துப்பாக்கி எண்ணெயைத் தாராளமாக விட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு மிக மெல்லிய எஃகுப் பஞ்சை அதே எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். 'நான்கு பூஜ்யம்' என்று கேட்டால் கடைக்காரர் அந்த ரகத்தை எடுத்துக் கொடுப்பார். பொருக்குத் தடிப்பாக இருந்தால் எஃகைவிட மென்மையான பித்தளைத் துண்டால் மெல்லச் சுரண்டலாம். அழுக்கு எண்ணெயைத் துடைத்துவிட்டு, புது எண்ணெயை லேசாகப் பூசினால் போதும். சொதசொதவென்று விட்டால் மரக்கட்டைக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். குழல் உள்ளே அரித்திருந்தாலோ, பள்ளம் விழுந்திருந்தாலோ உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய தோட்டாக்களில் இன்னொரு சங்கதி உண்டு. அவற்றின் அடியில் தீப்பற்ற வைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது ஒரு வகை உப்பாகக் குழலுக்குள் தங்கிவிடும். எண்ணெயில் உப்பு கரையாது. அந்தக் காலத்தவர்கள் முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் போட்டதற்கு அர்த்தம் இருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இப்போது வேட்டைக்கு இடமில்லை. இன்று இந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் பயிர்ப் பாதுகாப்புக்காகவோ, தற்காப்புக்காகவோ, குடும்ப நினைவாகவோ வீட்டில் இருக்கின்றன. அதிகம் எடுக்கப்படாததே அவற்றுக்கு ஆபத்து. பஞ்சு வைத்துத் தைத்த உறைக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்போது உறை ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்தில் உரிமம் பெற்ற ஆயுதங்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். கொடுக்கும் முன் ஒரு தரம், திரும்பி வந்ததும் ஒரு தரம் எண்ணெய்த் துணியால் துடைத்தால், நடுவில் போகும் மாதங்கள் துருவில் முடியாது.

தோசைக்கல்லிலும் அதே கதை

துப்பாக்கி இல்லாத வீடு உண்டு. தோசைக்கல் இல்லாத வீடு உண்டா? பழகிய கல்லின் கறுப்பு, எண்ணெய் சூட்டில் இறுகி உண்டான படலம். துப்பாக்கியின் நீலம் செய்யும் அதே காவலை அது அடுப்பில் செய்கிறது. புதிதாக வந்தவர் பாத்திரம் விளக்கும் நாரால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மறுநாள் தோசை ஒட்டும்; அதற்கு மறுநாள் கல் சிவக்கும்.

சிவந்த கல்லுக்குப் புளி நல்ல மருந்துதான். ஆனால் ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது. சிவந்த இடத்தில் மட்டும் தேய்த்துச் சில நிமிஷங்களில் கழுவிவிட வேண்டும். கழுவிய கையோடு அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகச் சூடாக்கி, சூட்டோடு நல்லெண்ணெய் தடவ வேண்டும். காற்றில் தானாக உலரட்டும் என்று விட்டால் உலர்வதற்குள் துரு வந்துவிடும்.

தையல் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது இன்னொரு பழக்கம். நாள் போகப்போக அது பிசினாகி மெஷினையே இறுக்கிவிடும். அதற்கென்று விற்கும் மெஷின் எண்ணெய்தான் சரி. அரிவாள், மண்வெட்டியைக் கோணியில் சுற்றி மூலையில் சாய்த்து வைப்பதும் வேண்டாம். கோணி ஈரத்தை விடாது. துடைத்து, எண்ணெய் தடவி, காற்றாடத் தொங்கவிடுவதே நல்லது.

ஆதிச்சநல்லூர் சொல்வது

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலேயே, தாமிரபரணிக் கரையில், துருவைப் பற்றிய பெரிய பாடம் மண்ணுக்குள் கிடந்தது. ஆதிச்சநல்லூர் பரம்பில் 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ தோண்டி, தாழிகளோடு வாள், ஈட்டி, கத்தி என ஏராளமான இரும்புப் பொருள்களை எடுத்தார். பெரும்பாலான ஆயுதங்கள் முனை கீழ்நோக்கியே இருந்தன என்றும், துக்கத்துக்கு வந்தவர்கள் அவற்றை மண்ணில் குத்தி வைத்ததுபோல் தோன்றியது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அவை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே வட்டாரத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அறிஞர்களிடையே அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

இப்படிப்பட்ட இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் மிஞ்சாது. பல பொருள்களில் உள்ளே இரும்பே இல்லை; வாளின் வடிவத்தில் நிற்பது துரு மட்டும்தான். பிடியின் மரமும் சுற்றியிருந்த துணியும் விட்டுச்சென்ற தடம் அந்தத் துருவில்தான் பதிந்திருக்கும். துருவைச் சுரண்டினால் வரலாற்றைச் சுரண்டியதாக ஆகும்.

மண்ணிலிருந்து வெளியே வந்ததும் உள்ளே ஊறிய உப்பு விழித்துக்கொள்ளும். காற்றுப் பட்டதும் பொருள் நீர் கசிந்து, செதில் செதிலாக உதிரும். எனவே பாதுகாப்பாளர்கள் முதலில் அதை உலர்வாக வைக்கிறார்கள். காரக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது ஒரு முறை. அதன்பின் டானிக் அமிலம் பூசினால் மிஞ்சிய சிவப்பு கருநீலமாக மாறி நிலைக்கும். இது நமக்குப் புதிதல்ல. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சியவர்கள் செய்ததும் இதே வேதியியல்தான்.

இந்த வட்டாரத்தில் கிணறு வெட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் தாழி தட்டுப்படுவது அதிசயமல்ல. உள்ளே துருப்பிடித்த கம்பிபோல் ஏதாவது தெரிந்தால் கழுவவோ தட்டவோ கூடாது. இருந்த மண்ணோடு அப்படியே விட்டு வட்டாட்சியருக்குச் சொல்ல வேண்டும். புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லும் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது.

ஐப்பசிக்கு முன்பு ஒரு நாள்

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், வெயில் அடிக்கும் ஒரு நாளை இரும்புக்காக ஒதுக்கினால் போதும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, சிவந்த புள்ளியை எண்ணெயும் எஃகுப் பஞ்சும் கொண்டு எடுத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, உயரமான இடத்தில் வைத்துவிடலாம். மூடிய பெட்டியானால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிவிட்டால் முதல் வேலை நல்ல தண்ணீரில் சேற்றையும் உப்பையும் கழுவுவது. அடுத்தது உடனே உலர்த்துவது. மூன்றாவதுதான் எண்ணெய். ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். உப்புத்தாள் மட்டும் அலமாரியிலேயே இருக்கட்டும்.