யாருடைய டாட்ஜ்?

போன தை மாதம் சிவகாசியில் என் அத்தானின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்காக அத்தான் சென்னையிலிருந்து லாரியில் ஏற்றி ஒரு காரைக் கொண்டுவந்திருந்தார். 1956-ஆம் வருடத்து டாட்ஜ் கிங்ஸ்வே. முன்பக்கத்துக் குரோமியத்தில் பந்தல் விளக்குகள் அத்தனையும் தெரிந்தன. டாஷ்போர்டில் மாமாவின் சின்னப் படம், அதற்குச் சந்தனப் பொட்டு. காரைப் பற்றி வழவழப்பான தாளில் ஒரு கையேடும் அச்சிட்டிருந்தார். அச்சுக்குப் பேர்போன ஊரில் அதற்கென்ன பஞ்சம்! ‘அப்பாவின் டாட்ஜ்’ என்று தலைப்பு. எட்டுப் பக்கம். அப்பா கார் வாங்கினார், அப்பா கார் ஓட்டினார், அப்பா ராத்திரியெல்லாம் விழித்திருந்து அதைப் பழுதுபார்த்தார். எட்டுப் பக்கத்தில் என் அத்தை ஒரே ஓர் இடத்தில் வருகிறாள். மாமாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிறாள்.

அந்த எட்டுப் பக்கத்துக்குத்தான் இந்த மறுப்பு.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரிப் பெரிய காரைப் ‘பிளசர்’ என்போம். மாமாவின் பிளசர் விருதுநகர் ரயிலடியில் வாடகைக்கு நின்றது. இருக்கன்குடிக்கு, திருச்செந்தூருக்கு, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு, பிரசவ வலி கண்டவர்களை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு. பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. கண்ணாடி போட வெட்கம். தூரத்துச் சாலை தெரிந்தது, கைக்குப் பக்கத்திலிருந்த பாயிண்ட் தெரியவில்லை. முதலில் அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி நின்ற அத்தை, பிறகு விளக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

நான் ஆறேழு வயதில் பார்த்தது இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவாள். பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பாள். இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கு அவளிடம் ஓர் அளவுகோல் இருந்தது, தீப்பெட்டி அட்டையில் கிழித்த துண்டு. அது லேசாகப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். தொளதொளவென்று போனாலும் தப்பு, சிக்கினாலும் தப்பு. அந்த எஞ்சினில் ஆறு பிளக்கும் மேலே வரிசையாக, கல்யாண வீட்டுச் செம்புகள் மாதிரி நிற்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பாள். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது. “செங்கல் பொடி நெறத்துல இருக்கணும் தாயி, அதான் நோவில்லாத மூஞ்சி” என்பாள். நான் முனைவர் பட்டம் வரை எத்தனையோ பாடம் கேட்டுவிட்டேன். இவ்வளவு துல்லியமான ஒரு பாடபேதக் குறிப்பை யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

1988-இல் மாமா இறந்தார். கார் வேப்பமரத்தடியில் நின்றது, பின்சீட்டில் கோழி முட்டையிட்டது, மூன்று வருடம் கழித்து இரும்பு விலைக்குப் போனது. அத்தை பட்டாசு ஆலைக்குப் போனாள். திரி சொருகி, சரம் பின்னி, இரண்டு பையன்களையும் என்ஜினியராக்கினாள். ஆக, கல்யாணத்துக்கு வந்தது அந்தக் காரே அல்ல. அத்தான் எங்கேயோ தேடிப் பிடித்து, பல லட்சம் செலவழித்து, புதுப்பேட்டையில் சாமான் பொறுக்கி, கிடைக்காததை லேத்தில் கடைந்து மீட்டெடுத்த வேறொரு கிங்ஸ்வே.

இந்தக் கார்களின் கதையைத் தெரிந்துகொண்டு பேசுவோம். அமெரிக்கக் கார் என்கிறோமே தவிர, கிங்ஸ்வே போன்ற வண்டிகள் பெரும்பாலும் பம்பாயில் பூட்டப்பட்டவை. 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லருடன் உடன்பாடு செய்து 1947 முதல் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் வண்டிகளை அங்கே பூட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. செவ்ரோலெட்டின் ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு முன்பே, 1928-இல் பம்பாய்க்கு வந்துவிட்டது. இங்கேயே உற்பத்தி செய்யாமல் வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்ததும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் மூட்டை கட்டின. அதற்குப் பிறகு புதுவண்டி வருவது அபூர்வம், உதிரிப் பாகம் அதைவிட அபூர்வம். அமெரிக்காவில் சில வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிய ரக வண்டியை இங்கே முப்பது, நாற்பது வருடம் ஓட்டினார்கள். பெட்ரோல் எஞ்சினைப் பிடுங்கிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். அத்தனை வருடமும் அந்த வண்டிகளை ஓடவைத்தது பழுதுபார்த்த கைகள். அந்தக் கைகளில் எவை எவை பெண்ணுடையவை என்று எந்தச் சேகரிப்பாளரும் கேட்பதில்லை.

கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது மேடம்.” பெண்ணின் ஆர்வம் எது என்று அவர்களே முடிவு செய்த கதை பழையது. 1955-இல் இதே டாட்ஜ் கம்பெனி அமெரிக்காவில் பெண்களுக்கென்றே ‘லா ஃபெம்’ என்று ஒரு காரை இறக்கியது. ரோஜா நிறம். கூடவே அதே நிறத்தில் ஒரு கைப்பை, அதற்குள் பவுடர் டப்பா, உதட்டுச்சாயக் குப்பி, தவிர ஒரு குடை, ஒரு மழைக்கோட்டு. எஞ்சினில் பெண்ணுக்கென்று புதிதாக ஒன்றுமில்லை. இரண்டே வருடத்தில் விற்காமல் நின்றுபோனது. ஆணுக்குக் கிங்ஸ்வே, அரச பாதை. பெண்ணுக்குக் குடை! அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1888-இல், ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் கணவனிடம் சொல்லாமல் அவன் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப்போனாள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாள். காரின் முதல் நெடும்பயணம் என்று உலகம் கொண்டாடுவது இதைத்தான். நடுரோட்டு ரிப்பேரும் அவளிடமிருந்தே தொடங்குகிறது.

இனி என் ஊருக்கு வருகிறேன். எஞ்சின் என்பது என்ன? மூடிய அறைக்குள் எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்க வேண்டும், சரியான நொடியில் பொறி விழ வேண்டும், வெடிக்க வேண்டும். ஆறு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றினால் ஆறாயிரம் வெடிப்பு. இதை விருதுநகர் மாவட்டத்துப் பெண்ணுக்கா விளக்க வேண்டும்? வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் எந்த வேகத்தில் என்ன செய்யும் என்று தெரிந்து வேலை செய்பவர்கள் இவர்கள். இரும்பு படக்கூடாது, உரசக்கூடாது, வெயில் ஏறினால் மருந்தின் குணம் மாறும், அவசரப்பட்டால் அறையே போகும் என்று உடம்பில் எழுதி வைத்திருப்பவர்கள். திரி எவ்வளவு உள்ளே போனால் எவ்வளவு நேரத்தில் வெடிக்கும் என்று விரலால் அறிந்தவர்கள். உயிரைப் பணயம் வைக்கும் இந்த வேலைக்குப் பெண்ணின் கை பொருத்தமானது, பொறுமையானது, ‘மெல்லிய விரல்’ என்று புகழ்வார்கள். அதே கை கார்புரேட்டரைத் தொடப்போனால் அழுக்காகிவிடும்! கூடுதல் கூலி தருகிற மருந்துக் கலவை வேலை பெரும்பாலும் ஆண்களிடம் இருப்பதும் இதே நியாயத்தில்தான். ஆபத்தைப் பெண் சுமக்கலாம். அறிவும் அதற்கான கூலியும் பெயரும் ஆணுக்கு.

பழைய வண்டியை மீட்டெடுப்பதில் எனக்குப் பகையில்லை. விருதுநகரிலிருந்து போன காமராஜரின் செவ்ரோலெட், எம்.டி.டி. 2727, சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் மறுபடி புதுக்கருக்கோடு சீரமைக்கப்பட்டபோது ஊர்க்காரி என்ற முறையில் எனக்கும் பெருமையாக இருந்தது. முதலமைச்சராக இருந்தவர் ஆடம்பரமில்லாமல் ஒரே வண்டியில் காலம் தள்ளினார் என்பதை அடுத்த தலைமுறை பார்க்கட்டும். ஆனால் அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் சொல்லும் இன்னொரு கதை இருக்கிறது. விருதுநகர் வீட்டுக்குள் நகராட்சி தனியாக இழுத்துக் கொடுத்த தண்ணீர்க் குழாயை அவர் அகற்றச் சொன்னார் என்ற கதை. மகனின் நேர்மைக்குச் சாட்சியாகத்தான் அதை இதுவரை கேட்டிருக்கிறேன், நானும் வகுப்பில் அப்படியே சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் வாழ்ந்தவர் அவர் தாயார் சிவகாமி அம்மாள். குழாய் போன பிறகு குடம் யார் இடுப்பில் ஏறியது என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கார் பாதுகாக்கப்படுகிறது, குடம் கணக்கில் வரவில்லை.

இந்த மண்ணில் பெண்களின் வண்டி வரலாறு எது தெரியுமா? விடியும் முன்னே கிராமம் கிராமமாக வந்து ஆரன் அடித்த கம்பெனி பஸ். தூக்கம் கலையாத சிறுமிகளைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஆலைக்குப் போனவை அவை. 1976-இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற ஒரு வண்டி விபத்துக்குள்ளாகி முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த வண்டி என்ன ரகம், என்ன நிறம், எத்தனை இருக்கை? டாட்ஜின் கிரில்லில் எத்தனை பட்டை என்று மூச்சுவிடாமல் சொல்லும் யாருக்கும் தெரியாது. 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம் என்று ஆலைகள் வெடித்த நாட்களில் உடல்களைச் சுமந்த ஆம்புலன்சுகளை யாரும் மெருகேற்றி வைக்கப்போவதில்லை. வைக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. எதைத் துடைத்து நிறுத்துவது, எதை இரும்பு விலைக்குப் போடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு ஊர்ந்து போனது. முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் சரவெடி. ஒரு தெரு தாண்டியதும் டாட்ஜ் இருமி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தார்கள். வேட்டி கட்டிய பத்துப் பேர் தலையை உள்ளே விட்டார்கள். ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் காயில் என்றார். அத்தான் சென்னை மெக்கானிக்குக்குப் போன் போட்டார். செல்ஃபை அடித்து அடித்து அதன் உயிரை வாங்கினார்கள்.

கூட்டத்தின் பின்னால் நடந்து வந்த அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. வந்தவள் முதலில் செய்தது, முன்னால் போய்ப் பையன்களை அதட்டியது. “ஏலே, சரத்தை நிறுத்துங்கலே! இங்க பெட்ரோலைத் திறந்து வச்சிக்கிட்டு நிக்காக!” அதுவரை அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு மகனிடம் வந்தாள். “மெதுவாப் போனதுல வண்டி சூடாயிருச்சுய்யா. பெட்ரோல் குழாய்லயே ஆவியாயி நிக்கும். பம்புலயும் குழாய்லயும் ஈரத்துணியப் போட்டு, பத்து நிமிசம் சும்மா கெடங்க.”

“அம்மா, நீங்க போய் உக்காருங்க. கை அழுக்காயிரும்.”

அவள் உட்காரப் போகவில்லை. பந்தி இலை துடைக்கிற துண்டு ஒன்றை வாங்கி, குடத்துத் தண்ணீரில் நனைத்து, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவே ஆகியிருக்கும். கார் கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். வீடியோக்காரர் ஸ்டீயரிங்கில் இருந்த அத்தானைப் படமெடுத்தார். அத்தையைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார்கள். நடந்தே வருகிறேன் என்றுவிட்டாள்.

மறுநாள் நான் ஒன்பதாவது பக்கத்தை எழுதி அத்தானுக்கு அனுப்பினேன். அலங்காரம் எதுவும் இல்லை. வெள்ளெழுத்து, உப்புத்தாள், தீப்பெட்டி அட்டை, ஆறு பிளக், ஈரத்துணி. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். “பேரு வேண்டாம் தாயி, செஞ்சதைப் போடு” என்றாள். அத்தான் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்பினார். போன மாதம் கையேட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறார், புதிதாகக் கல்யாணப் படம் ஒன்று சேர்த்திருக்கிறார். எட்டுப் பக்கம்தான்.