ஓசியில் கிடைத்தாலும் உரசிப் பார்!



'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பார்கள். மாட்டுக்கு அது சரி. நாம் புராஜெக்டுக்கு எடுக்கும் டேட்டாபேஸுக்குச் சரிவராது என்பதே என் கருத்து.

நம் வகுப்பில் "என்ன டேட்டாபேஸ்?" என்று கேளுங்கள். "மைஎஸ்க்யூஎல்" என்று பதில் வரும். ஏன் என்றால், "சீனியர் அதைத்தானே போட்டாங்க!" இது ஒரு காரணமா?

நானும் அப்படித்தான் இருந்தேன். என் அம்மா சேர்ந்துள்ள மகளிர் குழுவின் கணக்குக்காக ஒரு வெப் அப்ளிகேஷன் செய்தோம். சீனியர் தந்த பழைய பைலையே எடுத்துக்கொண்டோம். சேமிப்பிலிருந்து 500 ரூபாயைக் கடனுக்கு வரவு வைத்துச் சோதிக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால், சேமிப்பில் 500 குறைந்திருக்கிறது; கடன் அப்படியே இருக்கிறது!

காரணம், அந்த டேபிள்கள் மைஐஎஸ்ஏஎம் வகை. 'இரண்டும் நடக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டுமே வேண்டாம்' என்னும் டிரான்ஸாக்ஷன் வசதி அதில் கிடையாது. அதே மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி வகைக்கு அது உண்டு. 2010-இல் வந்த 5.5 பதிப்பு முதல் அதுதான் தானாக அமையும். நாங்கள்தான் பழசைக் காப்பியடித்தோம்.

நல்லவேளை, அது சோதனைக் கணக்கு. நிஜக் கணக்கென்றால்? என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கைநாட்டு வைப்பார். அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு?

ஆகவே பல்லைப் பிடித்துப் பார்ப்போம். 'தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது' என்று செக் விதி எழுதினால், 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன் மைஎஸ்க்யூஎல் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும்! போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதில் கண்டிப்பான வாத்தியார். தப்பான தொகையை உள்ளேயே விடாது. எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வரே தேவையில்லை, ஒரே பைல் போதும். ஆனால் ஒரு சமயத்தில் ஒருவர்தான் எழுத முடியும்.

உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் 2008-இல் சன் கம்பெனிக்கும், 2010-இல் ஆரக்கிளுக்கும் கைமாறியது. ஆனாலும் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009-இலேயே அதே மூலநிரலிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். மூலநிரல் திறந்திருந்ததால் முடிந்தது. ஓப்பன் சோர்ஸின் பெருமை காசில்லாமல் கிடைப்பதில் இல்லை நண்பர்களே, இந்த உரிமையில்தான் இருக்கிறது! பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் துவங்கிய போஸ்ட்கிரெஸின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லோ எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை.

என் முடிவு இது: பலர் பணக் கணக்கு எழுதும் இடத்துக்குப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். ஒரே கம்ப்யூட்டரில் ஒருவர் வைக்கும் கணக்குக்கு எஸ்க்யூலைட். மலிவான ஹோஸ்டிங்கில் மைஎஸ்க்யூஎல்தான் கிடைக்குமென்றால், இன்னோடிபியோடு தாராளமாக எடுக்கலாம். எதை எடுத்தாலும், பாதி வேலையில் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

மார்க் போடுபவர் அதைப் பார்க்க மாட்டார். ஆனால் கைநாட்டு வைப்பவர் நம்மைத்தான் நம்புகிறார்!

– மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன்