சேர்த்து வாங்குகிறவன் ஏமாளி இல்லை

குருமன்வெளித் துறையில் மண்டூருக்குப் போகும் பாதைப் படகுக்காகக் காத்து நின்றோம். பக்கத்தில் ஒருவர், லீசிங்கில் எடுத்த புது மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, ஒரு பெடியனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பெடியன் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் வாங்கக் காசு சேர்க்கிறானாம். "சேர்த்து வாங்கிறதெண்டா நீ கிழவனாகித்தான் வாங்குவாய், மருமகன். லீசிங்கப் போட்டு எடு. கடன் எடுக்காம ஆரு முன்னேறினது?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பெடியன் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆர் முன்னேறினதா? எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிற பெண்களைப் போய்க் கேளுங்கள். இருபது பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய். மாதம் ஒருத்தியின் கையில் முழுதாக ஒரு இலட்சம். இருபது மாதத்தில் அவள் கட்டியது ஒரு இலட்சம், எடுத்தது ஒரு இலட்சம். வட்டி ஒரு சதம் இல்லை. இப்படித்தான் தையல் மெசின் வந்தது, கிணறு கட்டப்பட்டது, கூரைக்கு ஓடு வந்தது.

இப்போது லீசிங் கம்பனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு இலட்சம் கடன், வருடத்துக்கு நூற்றுக்கு 24 வட்டி, இரண்டு வருடம். வட்டி மட்டும் 48,000. மாதம் கிட்டத்தட்ட 6,170 ரூபாய் கட்ட வேண்டும். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வர, வட்டியை மட்டும் முதல் நாள் எடுத்த முழு இலட்சத்துக்கே போடுகிறார்கள். உண்மையான வட்டி வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. இதை எந்த அலுவலரும் கடதாசியில் எழுதிக் காட்டுவதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். சீட்டுப் போட்டவளுக்கோ அந்த 48,000 வீட்டிலேயே கிடக்கிறது. இதில் ஏமாளி யார்?

எங்களுடையது வயல் ஊர். காசு வருவது சூடு அடிக்கும் காலத்தில், பெரும்போகத்தில் ஒருமுறை, நவகிரிக் குளத்துத் தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்தில் இன்னொருமுறை. கடன்காரன் வருவதோ கிழமைக்குக் கிழமை, மாதத்துக்கு மாதம். நெல் கதிராகும்வரை அவன் பொறுப்பானா? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். அடுத்த பெரும்போகத்தில் வட்டையெல்லாம் விளைச்சல் விழுந்தது. தவணை விழவில்லை. சீட்டென்றால் "இந்த மாதம் எனக்கு முடியாது, என் முறையை மாற்றித் தா" என்று வேலிக்கு மேலால் கேட்கலாம். கம்பனியிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக ஏறின. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தாலிக்கொடியும் ஈட்டுக்குப் போனது. 2018 இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம்வரை போவதாகச் சொன்னார். அதே வருடம், வறட்சி அடித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சத்துக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. எங்கள் மட்டக்களப்பும் அதில் ஒரு மாவட்டம். கடன்தான் முன்னேற்றம் என்றால் அரசாங்கம் ஏன் தள்ளுபடிக்கு வந்தது? சீட்டுப் பிடித்த பெண்களுக்கு எந்த அமைச்சரும் எதையும் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை.

சீட்டுக்காரி காசோடு ஓடிவிடுவாள் என்று பயமுறுத்துகிறார்கள். கம்பனி மட்டும் விழாதா? 2008 இல் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது வைப்பிட்டவர்கள் தெருவில் நின்றார்கள். 2020 இல் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தது. சீட்டுக்காரியின் தாய் வீடு எங்கே என்று ஊருக்கே தெரியும். கண்ணாடிக் கட்டடத்துக்காரனைத் தேடி நாங்கள் எங்கே போவது?

சேர்ப்பதற்குள் விலை ஏறிவிடும் என்பது அடுத்த பாட்டு. 2022 இல் ஏறியதுதான். காசை ரூபாயாக மட்டுமா வைக்க வேண்டும்? எங்கள் தாய்மார் பவுனாக வைத்தார்கள், நெல்லாக வைத்தார்கள், மாடாக வைத்தார்கள். ரூபாய் விழுந்தபோது பவுன் ஏறியது. நாட்டின் கதையையும் பாருங்கள். அந்த வருடம் ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது யார்? கடன் எடுத்து முன்னேறலாம் என்று நம்பிய அரசாங்கம்தான். அதற்காக நாங்கள் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அதைக் கண்ட பிறகுமா இந்தப் புத்திமதி?

இந்தக் கடன் வெறியை வளர்ப்பதில் எங்களுக்கும் பங்குண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்த வீடும் கலியாண நாளுக்குள் முடிய வேண்டும், நிலத்துக்கு மாபிள் பதிக்க வேண்டும், முன்னுக்கு மதில் எழும்ப வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்க்கிறார்கள். அந்த மாபிளுக்காகப் பெண்ணின் தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள், தகப்பன் மூன்று கம்பனியில் கையெழுத்து வைக்கிறான். முன்னர் ஒரு அறையும் குசினியும் கட்டிக் குடிபோனார்கள். இரண்டு போகம் கழித்து விறாந்தை இறக்கினார்கள். எவரும் அவர்களைக் குறைவாக நினைக்கவில்லை.

ஆகவே லேண்ட்மாஸ்டருக்குக் காசு சேர்க்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்: சேர்த்து வையுங்கள். நாலு பேர் சேர்ந்து சீட்டுப் போடுங்கள். மெசின் இல்லாத போகத்தில் கூலிக்கு உழுவியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. லீசிங்கில் போடு என்று சொல்கிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: விளைச்சல் பிழைத்தால் என் தவணையை நீங்கள் கட்டுவீர்களா? கட்டுவேன் என்று அவர் கையெழுத்து வைத்தால் அவர் சொற்படி நடந்துகொள்ளுங்கள். வைக்காவிட்டால், அவருடைய புத்திமதிக்கு உங்கள் வீட்டில் இடமில்லை.